பிறவிக் குணம் என்னும் பழி

"அது அவவின்ரை பிறவிக் குணம்." எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் ஓர் இளம் ஆசிரியையைப் பற்றி வழங்கப்பட்ட தீர்ப்பு இது. வழங்கியவர் விலங்கியல் கற்பிப்பவர் என்பதே வேடிக்கை. "மாதந்தோறும் சில நாட்கள் இப்படித்தான் அக்கா, வாழ்வே வேண்டாம்போல் இருக்கும்" என்று அவ்வாசிரியை என்னிடம் முன்னரே கூறியிருந்தார்.

குணம் என்பது முப்பது நாளும் உடனிருப்பது. மாதவிடாய்க்கு முந்திய வாரத்தில் மூண்டெழுந்து, விடாய் கண்ட சில நாட்களில் தணிந்து, அடுத்த வாரத்தில் சுவடின்றி மறைவதைக் குணமென்றழைக்க எந்த இலக்கணம் இடந்தருகின்றது? அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் இதனைத் தனி நோயாகத் தன் கைந்நூலிற் சேர்த்தது. குறைந்தது இரு மாதவிடாய்ச் சுற்றுகளேனும் நாள்தோறும் எழுதிய குறிப்பைக் கண்டே நோயை உறுதிசெய்தல் வேண்டும் என்பது அதன் விதி. நம் தீர்ப்பாளருக்கோ ஒருநாட் சச்சரவே போதுமாயிற்று!

ஓமோன் மிகையே காரணம் என்பது இன்னொரு பேச்சு. 1931 இல் நியூயோர்க் மருத்துவர் றொபேட் பிராங்க் இவ்வாறே எண்ணி, கடுமையாகத் துன்புற்ற பெண்களின் சூலகங்களில் எக்ஸ் கதிரையும் பாய்ச்சினார். 1998 இல் பீற்றர் ஷ்மிற் குழுவினரின் ஆய்வு அவ்வெண்ணத்தை வீழ்த்தியது. சூலகத்தின் தொழிலை மருந்தால் அடக்கியபோது துன்பம் தணிந்தது. ஈஸ்திரோஜனையோ புரொஜெஸ்தரோனையோ மீண்டும் கொடுத்தபோது திரும்பியது. அதே முறையில் அவற்றைப் பெற்ற ஏனைய பெண்களின் மனநிலை மாறவில்லை. ஓமோன் ஒன்றே; அதனை ஏற்கும் உடலே வேறு.

இரட்டையர் ஆய்வுகள் பரம்பரையைச் சுட்டின. 2007 இல் ஈஸ்திரோஜன் வாங்கிக்குரிய பரம்பரையலகில் இந்நோயோடு தொடர்புடைய வேறுபாடுகள் அறியப்பட்டன. 2017 இல் குருதியிலிருந்து பெற்று ஆய்வுகூடத்தில் வளர்த்த வெண்கலங்களிலும், பரம்பரையலகுத் தொகுதியொன்றின் செயற்பாடு நோயுற்றோரிடம் வேறாயிருந்தது. அக்கலங்களுக்குப் பிடிவாதம் ஏது? மாமியாரோடு பிணக்குத்தான் ஏது?

கவலைப்படும் இயல்பினரிடம் இந்நோய் மிகுதி என்று ஆய்வுகள் கூறுகின்றனவே எனலாம். கூறுகின்றன, மறுக்கவில்லை. ஆயின் மாதந்தோறும் தன் மனமே தன்னைக் கைவிடும் என்றறிந்தவள் கவலைப்படாது வேறென் செய்வாள்?

பரம்பரை என்றதும், பெண்ணினமே பொறுப்புக்குத் தகாதது எனக் கூவவும் ஒரு கூட்டம் காத்திருக்கின்றது. இந்நோய் பெண்களுள் மிகச் சிலருக்கே உரியது. சிலருக்கு நீரிழிவு உண்டென்று ஆண்கள் அனைவரையும் பதவி நீக்குவாருண்டோ?

செரற்றோனின் வழிச் செயற்படும் மனச்சோர்வு மருந்துகள் இந்நோயாளர் பலருக்குச் சில நாட்களிலேயே பயன் தருகின்றன. குணத்தைத் திருத்தும் குளிகை எதனையும் நான் கண்டதில்லை. இந்நோயுற்றோரிடையே தற்கொலை எண்ணம் மிகுந்திருப்பதும் ஆய்வுகளிற் பதிவாகியுள்ளது.

எங்கள் ஆசிரியைக்கு இந்நோய்தானா என்று சொல்ல நான் மருத்துவரல்லேன். குறிப்பெழுத அவருக்கு ஒரு கொப்பி கொடுத்தேன். ஓய்வறையில் யாரும் பார்த்துவிடுவர் என அஞ்சி அதை வீட்டிலேயே வைத்திருக்கிறார்.