கடல்நீர் நிறக் கல்

சென்ற கிழமை என் பெறாமகள் ஒரு மோதிரத்தோடு வந்தாள். அவளுடைய அப்பம்மா விட்டுச்சென்ற அக்குவாமரீன் மோதிரம் அது. "பெரியம்மா, கல் வெளுத்துப் போயிற்று. கடைக்காரர் இதை எடுத்துக்கொண்டு கடும் நீலக்கல் ஒன்று பதித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டாள்.

"பொறு பிள்ளை" என்றேன். வேறு வீடுகளிலும் எழக்கூடிய கேள்வி இது; ஆதலால் விடையை இங்கே எழுதுகிறேன்.

அக்குவாமரீன் என்பதற்கு இலத்தீன் மொழியில் கடல்நீர் என்று பொருள். இதுவும் மரகதமும் பெரில் என்னும் ஒரே கனியத்தின் வகைகள். இரும்பு சிறிதளவு கலந்திருப்பதே இவ்விளநீலத்துக்குக் காரணம். பெரில் என்ற பெயர் கிரேக்க மொழிக்கு நம் பக்கத்திலிருந்தே சென்றது. பாளியில் 'வேளுரிய' என்பர். நமது வைடூரியமும் அச்சொல்லின் உறவே. ஆயினும் இன்று நாம் அப்பெயரால் அழைப்பது பூனைக்கண் கல்லையன்றோ!

பெரில் இந்தியாவிலன்றிப் பிற இடங்களில் அரிதாகவே கிடைக்கும் என்றும், கடலின் தூய பச்சையை ஒத்தவையே மிகச் சிறந்தவை என்றும் முதலாம் நூற்றாண்டு உரோமானிய அறிஞர் பிளினி எழுதினார். கொங்குநாட்டில் காங்கேயத்துக்கு அண்மையிலுள்ள படியூரில் இக்கல் தோண்டப்பட்டது. அவ்வட்டாரத்தில் அகப்பட்ட உரோமானிய நாணயங்கள் பழைய கடல் வாணிகத்தை நினைவூட்டுகின்றன.

அன்று பச்சை கலந்த நிறத்துக்கு மதிப்பு, இன்றோ நீலத்துக்கு. அதனால் இக்காலக் கற்களிற் பலவற்றைச் சுமார் 400 பாகை செல்சியசுக்குச் சூடாக்கிப் பச்சைச் சாயலை நீக்குகிறார்கள். இது நிலையான மாற்றம், வாணிகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டதுந்தான். ஆனால் ஒன்றை மறத்தலாகாது: சிறிய கல் வெளிறியே இருக்கும், ஆழ்ந்த நிறம் பெரும்பாலும் பெரிய கற்களுக்கே வாய்க்கும். வாஷிங்டன் ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையிலுள்ள 'டொம் பேட்ரோ' 10,363 கரட் நிறையுடையது! பிரேசிலில் அகழ்ந்தெடுத்த அக்கல்லின் நீலத்தை விரல் மோதிரத்தில் எதிர்பார்ப்பது நியாயமா?

சின்னஞ்சிறு கல் கடும் நீலமாய், மலிவாய்க் கிடைத்தால் ஐயுறுங்கள். பெரும்பாலும் அது கதிரூட்டிய நீல டோப்பாஸாகவோ செயற்கை ஸ்பைனலாகவோ இருக்கும். மக்சீசே என்னும் ஒருவகை நீலப் பெரில் வெயில் பட்டால் நிறமிழக்கும். மெய்யான அக்குவாமரீன் பகலொளியில் வெளுப்பதில்லை.

அப்படியாயின் அப்பம்மாவின் கல்லுக்கு நேர்ந்தது என்ன? தேங்காயெண்ணெயும் முகப்பவுடரும் அடியிற் படிந்து ஒளியை மறைத்திருந்தன, அவ்வளவுதான். இளஞ்சூட்டு நீரிற் சிறிது சவர்க்காரம் கரைத்து, மிருதுவான பற்தூரிகையால் பின்புறத்தைத் தேய்த்தல் போதும். கொதிநீர் ஆகாது, வெடிப்புள்ள கல் பிளக்கலாம். அடி மூடிக் கட்டிய பழைய நகையை நீரில் ஊறவிடவும் ஆகாது. இக்கல்லின் கடினம் ஏழரை முதல் எட்டு. ஆகவே வைரமும் நீலக்கல்லும் இதைக் கீறும், இது முத்தைக் கீறும். தனித்தனித் துணியிற் சுற்றி வையுங்கள்.

கிணற்றடியில் வைத்துக் கழுவி, துடைத்து, வெயிலிற் பிடித்துப் பார்த்தாள். சற்றே பச்சை கலந்த மெல்லிய நீலம். பிளினி விரும்பிய நிறம். மோதிரம் கடைக்குப் போகவில்லை.