லிஃப்ட் செலவை யார் தலையில் கட்டுவது?

"ஆளுக்குச் சமமாகப் போட்டுக்கலாமே!" பொதுச் செலவு என்று வந்தால் முதலில் எழும் குரல் இது தான். ஆனால் சமம் வேறு, நியாயம் வேறு.

ஒரு சின்னக் கணக்கு. தரைத்தளமும் மூன்று மாடிகளும் உள்ள கட்டிடம், தளத்துக்கு ஒரு குடும்பம். முதல் மாடி வரை லிஃப்ட் போட 3 லட்சம், இரண்டாம் மாடி வரை 5 லட்சம், மூன்றாம் மாடி வரை 6 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். சமமாகப் பிரித்தால் குடும்பத்துக்கு ஒன்றரை லட்சம். லிஃப்டில் காலே வைக்காத தரைத்தளத்துக்காரரும் ஒன்றரை லட்சம் அழ வேண்டும்!

விமான ஓடுதளத்திலும் இதே சிக்கல் தான். சிறிய விமானத்துக்குக் குட்டை ஓடுதளம் போதும், பெரியதற்கு நீளமாக வேண்டும். லிட்டில்சைல்டு, ஓவன் இருவரும் 1973-ல் இதை அலசினார்கள். விடை எளிது: ஓடுதளத்தைத் துண்டு துண்டாகப் பாருங்கள். ஒவ்வொரு துண்டின் செலவையும் அது தேவைப்படுகிறவர்கள் மட்டும் சமமாகப் பிரித்துக் கொள்ளட்டும். 1977-ல் பர்மிங்ஹாம் விமான நிலையத்தின் தரையிறங்கு கட்டணங்களை இந்த முறையோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள்.

லிஃப்டுக்கு வருவோம். முதல் 3 லட்சம் மூன்று மாடிக்காரர்களுக்கும் தலா ஒன்று. அடுத்த 2 லட்சம் மேலே உள்ள இருவருக்கு. கடைசி 1 லட்சம் உச்சியில் இருப்பவருக்கு மட்டும். ஆக 0, 1, 2, 3 லட்சம். லாயிட் ஷேப்லி 1953-ல் சொன்ன சூத்திரமும் இதே விடையைத் தான் தருகிறது: எந்த வரிசையில் ஆட்கள் வந்தாலும், ஒருவர் வந்ததால் கூடிய செலவு எவ்வளவு என்று கணக்கிட்டு, எல்லா வரிசைகளுக்கும் சராசரி எடு.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. பிரான்சின் 1965-ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டமும் இத்தகைய செலவை ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பயனைப் பொறுத்துத் தான் பிரிக்கச் சொல்கிறது.

சரி, மூன்றாம் மாடியில் பென்ஷனை நம்பி வாழும் பாட்டி இருந்தால்? இந்தச் சூத்திரம் அவரிடம் தான் அதிகம் கேட்கும். செலவு யாரால் வந்தது என்று மட்டுமே அதற்குத் தெரியும், யாரால் முடியும் என்று தெரியாது.

அதற்காகச் சூத்திரத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. முதலில் அவரவர் பங்கை வெளிப்படையாகக் கணக்கிட வேண்டும். பிறகு பாட்டிக்கு உதவுவதானால், உதவி என்றே சொல்லி எல்லோரும் கொடுக்கலாம். "சமம்" என்ற பெயரில் தரைத்தளத்துக்காரரின் பையில் சத்தமில்லாமல் கை விடுவது உதவியும் அல்ல, நியாயமும் அல்ல.