பிழை ஏன் பிந்தி வந்தது?



பரந்தன் உறவுகளே, இன்று கொஞ்சம் கொம்பியூட்டர் பாடம். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

போன தவணை நாங்களும் மாணவர்களும் சேர்ந்து பைதனில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினோம். பெற்றோர் விபரப் பட்டியலில் அடையாள அட்டை இலக்கங்கள் ஒழுங்காகப் பதியப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. பழைய அட்டை என்றால் ஒன்பது இலக்கம், கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்து. 2016 ஜனவரியிலிருந்து வந்த புதிய அட்டை என்றால் 12 இலக்கம், முதல் நான்கும் பிறந்த ஆண்டு. இப்படி ‘எழுத்துகள் இந்த வடிவத்தில் இருக்க வேண்டும்’ என்று எழுதிக் கொடுக்கும் கோலத்தைத்தான் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்கிறோம்.

புரோகிராம் நன்றாக ஓடியது. பழைய இலக்கங்கள் எல்லாம் ‘சரி, சரி’ என்று போயின. முதலாவது புதிய இலக்கம் வந்ததும் நின்றுவிட்டது. பார்த்தால், புதிய அட்டைக்கான கோலத்தில் பிறந்த ஆண்டைப் பிரித்தெடுக்கத் திறந்த அடைப்புக்குறியை நாங்கள் மூடவில்லை.

“சேர், இவ்வளவு நேரமும் ஏன் சொல்லேல்லை?” என்று ஒருவன் கேட்டான். பக்கத்தில் இருந்தவன் கொப்பியில் இருந்ததைச் சொன்னான்: “பைதன் இன்டர்பிரிட்டர்தானே, வரி வரியாத்தான் வாசிக்கும்.”

நாங்களும் ஆசிரிய கலாசாலையில் அப்படித்தான் பாடமாக்கினோம். ஆனால் அது முழு உண்மை இல்லை. சோதித்துக் காட்டினோம். கோலத்தைத் திருத்திவிட்டு, புரோகிராமின் கடைசி வரியில் சாதாரண அடைப்புக்குறி ஒன்றை அழித்தோம். இம்முறை முதலாவது பெயரைக்கூடப் பார்க்காமல் பைதன் பிழை சொன்னது. ஏனென்றால் ஓடத் தொடங்குமுன் அது முழு பைலையும் பைட்கோட் ஆகக் கொம்பைல் பண்ணுகிறது.

அப்படியானால் கோலத்தில் இருந்த பிழை ஏன் தப்பியது? கோலம் மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. பைதனுக்கு அது வெறும் எழுத்துச்சரம். அதைக் கோலமாகக் கொம்பைல் பண்ணுவது இரண்டாவது வேலை; அந்த வரி ஓடும்போதுதான் நடக்கும். பேர்ள், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் கோலத்தைச் சாய்கோடுகளுக்கு நடுவே நேரடியாக எழுதலாம். மொழியே அதைக் கோலம் என்று அறியும். மாறிகள் கலக்காத கோலத்தில் பிழை இருந்தால் ஆரம்பத்திலேயே பிடிபடும்.

சீருடை தைப்பவரை நினைத்துப் பாருங்கள். அளவுக் கடதாசியை ஒருமுறை வெட்டி வைத்தால் நாற்பது துணியையும் அதை வைத்தே வெட்டலாம். கோலத்தைக் கொம்பைல் பண்ணுவதும் கடதாசி வெட்டுவது மாதிரித்தான். கடதாசி பிழை என்றால் துணியில் கத்திரிக்கோல் வைக்கமுன் தெரிவது நல்லது.

‘கோலத்தை மேலேயே கொம்பைல் பண்ணி வை, வேகமாக ஓடும்’ என்று பலர் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த வேகம் பெரிதல்ல. ஒருமுறை கொம்பைல் பண்ணிய கோலத்தை பைதன் தானாகவே ஞாபகம் வைத்துக்கொள்கிறது. 512 கோலங்கள் வரை வைத்திருக்கும். பெரிய இலாபம் வேறு: பிழை முதல் வினாடியிலேயே தெரிந்துவிடும், பட்டியலின் நடுவில் அல்ல.

இதெல்லாம் புதிய சங்கதியும் இல்லை. கோலத்தை இயந்திரக் கட்டளைகளாகக் கொம்பைல் பண்ணும் வழியைக் கென் தொம்சன் 1968இலேயே எழுதி வெளியிட்டுவிட்டார். நாங்கள்தான் இன்னும் ‘கொம்பைலர் முழுதாக, இன்டர்பிரிட்டர் வரி வரியாக’ என்று இரண்டு வரி வித்தியாசத்தை எழுதவைத்துப் புள்ளி போடுகிறோம். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு பிள்ளை தன் புரோகிராம் நின்ற காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் யாரும் வரைவிலக்கணம் கேட்கப்போவதில்லை. ஏன் நின்றது என்றுதான் கேட்பார்கள்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். சக ஆசிரியர்களே, ‘கொம்பைல் என்றால் என்ன’ என்பதோடு நிற்காமல் ‘எது, எப்போது கொம்பைல் ஆகிறது’ என்று ஒரு பாடவேளை செய்து காட்டுவோம். ஒரு கொம்பியூட்டர் இருந்தாலே போதும். பெற்றோரே, இன்றிரவு பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: “உன்ரை புரோகிராமில பிழை இருந்தா அது எப்ப தெரியவரும்?” விடையைக் கீழே எழுதுங்கள். பிழையான விடை என்றாலும் பரவாயில்லை, நாங்களும் அங்கிருந்துதான் தொடங்கினோம்.