உதிரும் முடியைக் கண்டு பயம் வேண்டாம்



சென்ற மாதம் வினாயகபுரத்தில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் ஒரு தங்கச்சி என்னைத் தனியே அழைத்தார். யுத்தத்தில் கணவரை இழந்தவர். சேலைத் தலைப்பால் நாடியை மூடியிருந்தார்.

"அக்கா, சீட்டுக் காசைக் குடுத்து நாடி முடிக்கு லேசர் செய்தன். பத்து நாளாகுது, திரும்பவும் முளைக்குது. காசெல்லாம் வீணாப் போச்சு" என்று அழுதார்.

செய்த இடத்தில் ஒன்றும் விளக்கவில்லையாம். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அது முளைக்கும் முடியல்ல, உதிரும் முடி. முடியின் கருநிறம் லேசர் ஒளியை உறிஞ்ச, அந்தச் சூட்டில் வேர் பாதிக்கப்படுகிறது. 1 முதல் 3 வாரங்களுக்குள் அந்த முடி தானாக வெளியே வந்து விழும். பிடுங்கவோ நூல் போடவோ வேண்டாம். அடுத்த தடவை ஒளி பிடிக்க வேர் உள்ளே இருக்க வேண்டும். ஒரே தடவையில் எல்லாம் போய்விடாது. பல தடவைகள் தேவை.

எங்கள் கருமையான தோலும் அந்த ஒளியை உறிஞ்சும். அதனால் தழும்பு, கருமை ஏற்படலாம். 1064 நனோமீற்றர் லேசரே இத்தோலுக்குப் பாதுகாப்புக் கூடியது. செய்ய முன் கேட்டறியுங்கள். செய்த பின் குளிர்நீரில் நனைத்த துணியை வையுங்கள். வெயில் படாமல் பாருங்கள். தேசிக்காய்ப் புளி, வெள்ளையாக்கும் கிறீம் பூசாதீர்கள். கொப்புளம் போட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மாதவிடாய் பற்றியும் கேட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதானாம். ஓமோன் குழப்பம் இருந்தால் லேசர் மட்டும் போதாது, முடி திரும்பவும் வளரும். அடுத்த கிழமை இருவரும் திருக்கோவில் வைத்தியசாலைக்குப் போகவுள்ளோம். உங்களுக்கும் இப்படியென்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.