டிட்வா புயலுக்குப் பிறகு இலங்கை அருவிகள்: புதுச்சேரியிலிருந்து கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

மலை உச்சியில் இருந்து வெள்ளை வேட்டி விரிச்ச மாதிரி கொட்டுற அருவி. கீழே தேயிலைத் தோட்டம். பின்னணியில் ஒரு பாட்டு. இப்படி ஒரு ரீல்ஸாவது உங்க மொபைலில் வந்திருக்கும். "இது எங்கப்பா?" என்று கேட்டால், பாதி நேரம் பதில் இலங்கை.

2024-ல் இலங்கைக்கு 20 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் போனார்கள். அதில் முதலிடம் இந்தியர்களுக்கு, 4 லட்சத்துக்கும் மேல். புதுச்சேரியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் அடித்த டிட்வா புயல் அந்த மலைநாட்டையே புரட்டிப் போட்டுவிட்டது. அதனால் இப்போது எழும் கேள்வி: அங்கே போகலாமா? போனால் எந்த மாதம், எந்தப் பக்கம்?

டிட்வா என்ன செய்தது?

'டிட்வா' ஏமன் நாடு கொடுத்த பெயர். நவம்பர் 28 வாக்கில் இலங்கையைத் தாக்கிய இந்தப் புயல், பிறகு வடக்கே நகர்ந்து தமிழ்நாடு - புதுச்சேரி கடற்கரையை நெருங்கியது. நமக்கும் எச்சரிக்கை விடப்பட்டது நினைவிருக்கும். நல்லவேளையாக, நம் கரைக்கு வரும்போது அது வலுவிழந்துவிட்டது.

இலங்கைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை போன்ற மலை மாவட்டங்களில்தான் அடி அதிகம். காற்றை விட மழையும், மழையால் சரிந்த மண்ணும்தான் பெரும்பாலான உயிர்களைப் பறித்தன. மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமானது. பாலங்கள் போயின. இந்திய ராணுவத்தினர் போய் தற்காலிக இரும்புப் பாலங்கள் அமைத்தார்கள். மறுசீரமைப்புக்காக 45 கோடி டாலர் உதவியையும் இந்தியா அறிவித்தது.

கவனிங்க, புயல் அதிகம் பாதித்த இந்த மூன்று மாவட்டங்களில்தான் நாம் ரீல்ஸில் பார்க்கும் பிரபல அருவிகளில் பெரும்பாலானவை இருக்கின்றன. அருவிக்குத் தேவை செங்குத்தான மலை, நிறைய மழை. நிலச்சரிவுக்கும் அதே இரண்டும்தான் காரணம்.

எந்தெந்த அருவிகள்?

* பம்பரகந்த: 263 மீட்டர். இலங்கையிலேயே உயரமானது. நம்ம கர்நாடகாவின் ஜோக் அருவியை (253 மீட்டர்) விடவும் உயரம். கொழும்பு - பதுளை சாலையில் களுப்பஹன அருகே இருக்கிறது.
* தியலும: 220 மீட்டர். இரண்டாவது உயரமானது. கொஸ்லந்தை - வெல்லவாய சாலையில். மேலே இயற்கையாக அமைந்த குளங்கள் இருப்பதால் இளைஞர்கள் கூட்டம் அதிகம்.
* இராவணன் அருவி: எல்ல - வெல்லவாய சாலை ஓரத்திலேயே தெரியும். உயரம் குறைவு, ஆனால் கூட்டம் எப்போதும் இருக்கும்.
* துன்ஹிந்த: 64 மீட்டர். பதுளை நகருக்குப் பக்கத்தில். நுழைவாயிலில் இருந்து காட்டுப் பாதையில் நடக்க வேண்டும்.
* றம்பொடை: 109 மீட்டர். கண்டியிலிருந்து நுவரெலியா போகும் வழியில்.
* டெவன், சென் கிளையர்: ஹட்டன் - நுவரெலியா சாலையில், தலவாக்கலை பக்கம். பேருந்தில் இருந்தே பார்க்கலாம்.

ஒரு சின்னத் தகவல்: சிங்களத்தில் 'எல்ல' என்றாலே அருவிதான். அதனால் ஊர்ப் பெயரோடு 'எல்ல' ஒட்டி வந்தால் பக்கத்தில் தண்ணீர் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதம் போகலாம்?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இலங்கை சின்னத் தீவு, எல்லா இடத்திலும் ஒரே சீசன் என்று நினைப்பது தப்பு. நடுவில் இருக்கும் மலைதான் மழையைப் பிரிக்கிறது.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது மலையின் மேற்குச் சரிவு நனையும். டெவன், சென் கிளையர் போன்றவை அந்த நேரத்தில் நிறைந்து ஓடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது கிழக்குச் சரிவில் இருக்கும் துன்ஹிந்த போன்ற அருவிகளில் தண்ணீர் வரும். இடையில் உள்ள அக்டோபர் - நவம்பரில் தீவு முழுக்கவே மழை. புயல்கள் வருவதும் இந்த நேரத்தில்தான்.

இதை நம்ம ஊர் விடுமுறையோடு பொருத்திப் பார்ப்போம்:

தீபாவளி விடுமுறை (அக்டோபர் - நவம்பர்): அருவிகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நிலச்சரிவு அபாயமும் உச்சத்தில் இருக்கும். டிட்வா வந்தது நவம்பர் இறுதி. 2014-ல் மீரியபெத்தை தோட்டத்தை மண் மூடியது அக்டோபர் 29. இந்த மாதங்களில் மலைப்பகுதியைத் தவிர்ப்பதே நல்லது.

பொங்கல் விடுமுறை (ஜனவரி): கிழக்குப் பக்க அருவிகளில் தண்ணீர் இருக்கும். ஆனால் முந்தைய வாரத்து மழை நிலவரத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஊறிப்போன மண் சரிவதற்குப் பெரிய மழை தேவையில்லை.

கோடை விடுமுறை (ஏப்ரல் - மே): காலையில் வெயில், மதியத்துக்கு மேல் இடியுடன் மழை. இந்த மாதங்களில் இதுதான் வழக்கம். அதனால் அருவிக்குப் போவதை காலையிலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

இங்கே மழையே இல்லையே, தண்ணீர் எப்படி வரும்?

அருவியில் குளிப்பவர்கள் ஏமாறுவது இந்த நினைப்பில்தான். நீங்கள் நிற்கும் இடத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கலாம். ஆனால் அருவிக்குத் தண்ணீர் வருவது சில கிலோமீட்டர் மேலே உள்ள நீர்ப்பிடிப்பு மலையில் இருந்து. அங்கே ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், சற்று நேரத்தில் வெள்ளம் கீழே வந்துவிடும்.

இதற்கு இலங்கை வரை போக வேண்டாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான்.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் ஒரு நொடியும் யோசிக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்:

* தெளிவாக இருந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாக மாறுவது
* இலை, சுள்ளி, கிளை மிதந்து வருவது
* அருவியின் சத்தம் கூடுவது
* சற்று முன் வெளியே தெரிந்த பாறை தண்ணீருக்குள் மறைவது

செருப்பு, பை, மொபைல் எதையும் எடுக்கத் திரும்ப வேண்டாம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. நம்ம கடற்கரையில் வார இறுதியில் என்ன நடக்கிறது? வெளியூரில் இருந்து வருபவர்கள் அலையின் இழுப்பு தெரியாமல் இறங்குகிறார்கள். மீனவர்கள் சொன்னாலும் கேட்பதில்லை. பிறகு செய்தியாகிறார்கள். இலங்கை அருவியில் அந்த 'வெளியூர்க்காரர்' நாம்தான். அங்கே ஊர்க்காரர் ஒருவர் "இறங்காதீங்க" என்று சொன்னால், அதுவே போதுமான எச்சரிக்கை.

நிலச்சரிவு எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

இலங்கையில் இதற்கென்றே ஒரு அரசு அமைப்பு இருக்கிறது: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மூன்று நிறங்களில் எச்சரிக்கை தருகிறது.

* மஞ்சள்: விழிப்பாக இருங்கள். 24 மணி நேரத்தில் மழை 75 மி.மீ. தாண்டும்போது.
* செம்மஞ்சள்: வெளியேறத் தயாராக இருங்கள். 100 மி.மீ. தாண்டும்போது.
* சிவப்பு: உடனே வெளியேறுங்கள். 150 மி.மீ. தாண்டும்போது, அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. கொட்டும்போது.

இந்த அளவு எவ்வளவு என்று புரிய ஒரு ஒப்பீடு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, இங்கே ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. அதாவது 460 மி.மீ. இங்கே தெருவில் தண்ணீர் நின்றது, வீட்டுக்குள் புகுந்தது. மலையில் அதில் மூன்றில் ஒரு பங்கு மழைக்கே 'வெளியேறு' என்கிறார்கள். சமவெளிக்காரர்கள் "இது என்ன பெரிய மழை" என்று நினைப்பது அங்கே செல்லாது.

சொற்களும் கொஞ்சம் மாறும். அங்கே பேரிடர் என்றால் 'அனர்த்தம்', நிலச்சரிவு என்றால் 'மண்சரிவு', வானிலை மையம் என்றால் 'வளிமண்டலவியல் திணைக்களம்'. அறிவிப்புப் பலகையில் 'மண்சரிவு அபாயம்' என்று பார்த்தால் அங்கே வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்க வேண்டாம்.

அந்த மலையில் வாழ்பவர்கள் யார்?

இது சுற்றுலா விளம்பரங்களில் வராத பகுதி. அருவிக்குப் பின்னால் தெரியும் பச்சைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் மலையகத் தமிழர்கள். பிரிட்டிஷ் காலத்தில் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் இருந்து கூட்டிச் செல்லப்பட்டவர்களின் வாரிசுகள். 2023-ல் அவர்கள் அங்கே போய் 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்தார்கள்.

இன்னமும் பலர் வாழ்வது 'லயன்' எனப்படும் வரிசை அறைகளில். பல லயன்கள் சரிவுகளிலேயே இருக்கின்றன. மேலே சொன்ன மீரியபெத்தை, தியலும அருவிக்குப் போகும் வழியில் வரும் கொஸ்லந்தைப் பகுதியில்தான் இருக்கிறது. அபாயம் இருப்பது முன்பே தெரிந்த இடம். ஆனால் போக வேறு வீடு இல்லாததால் மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2014-ல் லயன் வீடுகள் குடும்பங்களோடு புதைந்தன. மலையகத்துக்காக இந்தியா அறிவித்த வீட்டுத் திட்டங்களின் மொத்த இலக்கு 14,000 வீடுகள். தேவை அதைவிடப் பல மடங்கு.

பயணி ஆபத்து என்றால் திரும்பி வந்துவிடலாம். அவர்களால் முடியாது. அதே நேரம், நாம் போகாமல் இருந்தால் அவர்களுக்கு நல்லதா என்றால் அதுவும் இல்லை. வேன் ஓட்டுநர், வீட்டில் அறை வாடகைக்கு விடுபவர், சாலையோரம் சோளம் விற்பவர் எல்லோரும் பயணிகளை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆகவே கேள்வி போகலாமா வேண்டாமா என்பது அல்ல. சரியான நேரத்தில், மீட்புப் பணிக்கு இடைஞ்சல் இல்லாமல், பணம் உள்ளூர்க்காரர் கைக்குப் போகும்படி போகிறோமா என்பதுதான்.

அருவியில் தண்ணீர் இல்லையே, ஏமாத்திட்டாங்களா?

சில நேரம் சென் கிளையர் போனவர்கள் இப்படிக் கேட்பார்கள். 'இலங்கையின் சின்ன நயாகரா' என்று பெயர் வாங்கிய அருவி இது. ஆனால் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012-ல் இயங்கத் தொடங்கிய பிறகு, தலவாக்கலை அணையில் தண்ணீர் திருப்பப்படுகிறது. 150 மெகாவாட் மின்சாரம் கிடைத்தது, அருவியின் பழைய வேகம் போனது. திட்டம் வந்தபோதே அங்கே இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. இலங்கைக்குச் சொந்தமாக நிலக்கரியும் எண்ணெயும் இல்லாத நிலையில், அருவித் தண்ணீர் வீட்டு விளக்கெரிக்கவும் வேண்டியிருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து எப்படிப் போவது?

நேரடி விமானம் இல்லை. சென்னையிலிருந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும், திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் விமான சேவை தொடங்கப்பட்டிருக்கிறது. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. காரைக்கால் மக்களுக்கு இது பக்கம். ஆனால் கப்பலில் போனால் இறங்குவது வடமுனையில். அங்கிருந்து கண்டிக்கே 300 கி.மீ.க்கும் மேல். அருவிதான் நோக்கம் என்றால் கொழும்பு வழிதான் சுலபம்.

விசா விதிகளும் கட்டணமும் கடந்த சில ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கின்றன. டிக்கெட் போடும் முன் இலங்கை அரசின் அதிகாரபூர்வ இ.டி.ஏ. தளத்தைப் பாருங்கள். புதுச்சேரிக்கே உரிய ஒரு விஷயம்: ஒரே வீட்டில் சிலர் இந்திய பாஸ்போர்ட்டும் சிலர் பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் வைத்திருப்பார்கள். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

போனில் சேமிக்க வேண்டிய எண்கள்

* 117: அனர்த்த முகாமைத்துவ நிலையம்
* 1990: இலவச ஆம்புலன்ஸ். இந்திய நிதியுதவியில் 2016-ல் தொடங்கிய 'சுவசெரிய' சேவை
* 119: போலீஸ்

மலையில் ரயில் எந்தப் பகுதி வரை ஓடுகிறது, எந்தச் சாலை மூடியிருக்கிறது என்பதை முந்தைய நாள் மாலையே விடுதியில் கேட்டுவிடுங்கள். போகும் வழியில் சிவப்பு எச்சரிக்கை வந்தால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, அன்று அந்தப் பக்கம் போகாதீங்க. அருவி அடுத்த சீசனிலும் கொட்டும்.