முதலாளியின் முயற்சியும் மங்கையரின் உழைப்பும்

தொழில் முனைவோரைப் போற்றும் நாம், அவர்தம் ஆலைகளில் உழைத்த கைகளை நினைக்கிறோமா?

அமெரிக்காவில் பிரான்சிஸ் கபட் லோவெல், 1814-இல் வால்தம் ஊரில், பஞ்சு துணியாகும் வரையுள்ள வேலைகளை ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தார். அவர் மறைவுக்குப்பின் அவர் பெயரால் எழுந்த லோவெல் நகர ஆலைகளை இயக்கியவர்களுள் பெரும்பாலோர் உழவர் வீட்டு இளம்பெண்கள். நாளொன்றுக்கு 12 மணி நேரத்திற்கு மேல் உழைத்தும், இரவில் புத்தகம் படித்தனர். 'லோவெல் ஆஃபரிங்' இதழில் எழுதினர். 1834-இல் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்து தோற்றனர். ஆயினும், 1836-இல் விடுதிக் கட்டணம் உயர்ந்தபோது மீண்டும் எழுந்தனர். 11 வயதுச் சிறுமி ஹாரியட் ஹான்சனும் துணிந்து வெளியேறினாள்.

முதல் போட்டவரின் துணிவு ஆலையை எழுப்பலாம். அதை ஓட்டுவது உழைப்பே. நாளை நம்மில் சிலர் தொழில் தொடங்குவோம். உழைப்பவருக்கு உரிய கூலியும் ஓய்வும் தராத வளர்ச்சி வளர்ச்சியன்று என்பதை அன்று மறவாதிருப்போம்!