கம்பி ஒடிந்தால் யாரிடம் சொல்வது?

பாறசாலையிலிருக்கும் என் தங்கையின் மகளுக்கு ஏழு வயதில் முதுகெலும்பு வளைவுக்காகக் கம்பி வைத்தார்கள். பிள்ளை வளர வளர நீட்டிவிடும் கம்பி. இரண்டாம் ஆண்டே அது ஒடிந்தது. "இதை யாரிடம் போய்ச் சொல்ல, அண்ணா?" என்று தங்கை கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை.

கம்பியே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வளைவை விட்டுவிட்டால் நுரையீரல் வளர இடமிராது. ஆனால் எலும்பு ஒடிந்தால் கூடும், உலோகம் கூடாது. பிள்ளை குனிந்து நிமிரும்போதெல்லாம் கம்பி சிறிது நெளிந்து வலுவிழக்கிறது. கத்தி வைக்காமல் காந்தத்தால் நீட்டும் கம்பிகளும் பின்னர் வந்தன. அவையும் உள்ளே தேய்ந்து, டைட்டானியத் துகள் தசையில் படிந்தது. 2020-இல் பிரிட்டன் அவற்றின் விநியோகத்தையே நிறுத்தி வைத்தது. கழற்றிய கம்பிகளை ஆராய்ந்து, குறைகளைப் பதிந்ததால்தான் இவை வெளியே தெரிந்தன.

இந்தியாவிலும் மருத்துவக் கருவிகளின் கோளாறுகளைப் பதிய 2015-இல் அரசு ஒரு திட்டம் தொடங்கியது. காசியாபாத்திலுள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் அதை நடத்துகிறது. எல்லையோர மக்களாகிய நாமோ திருவனந்தபுரத்தில் அறுவை, நாகர்கோவிலில் பரிசோதனை என்று அலைந்து சீட்டுகளைத் தொலைத்துவிடுகிறோம்.

கம்பியின் பெயர், எண், எக்ஸ்ரே படங்கள் அனைத்தையும் ஒரே பையில் வையுங்கள். வலியில்லை என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கம்பி ஒடிந்தால் பதியும்படி மருத்துவரைக் கேளுங்கள். படிவம் நிரப்ப நெய்யாற்றின்கரை வட்டாரக் குடும்பங்களுக்கு நம் சங்கம் துணை நிற்க வேண்டும். தங்கையின் கேள்வியை இன்னொரு தாய் கேட்கக்கூடாது.